தாவீது மேஸ்திரியின் விசிறி

நேற்றுக் காலை ஆம்பூரிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று, "மேஸ்திரி போய்ட்டாரு சார்" என்றார். எந்த மேஸ்திரி என்று நான் கேட்கவில்லை. வேலூரில் ஓய்வாக இருக்கும் எனக்கு, மேஸ்திரி என்றால் தாவீது ஒருவர்தான்.

நான் ஆம்பூரில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தபோது, அவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தார். உரக்கச் சிரிப்பார், தன் வேலையைத் தானே புகழ்ந்துகொள்வார். மழைக்காலத்தில் தோல் காயாமல் பூஞ்சை பிடிக்கும், ஆட்களுக்கு வேலை நின்றுபோகும். அதற்காக எஞ்சினோடு பட்டை பூட்டி, அதிவேகமாகச் சுழலும் பெரிய விசிறி ஒன்றைச் செய்தார். ஓட்டிய இரண்டு முறையும் அதன் தண்டைத் தாங்கும் பேரிங் புகைந்து கருகியது.

"இன்னா மேஸ்திரி, ஒரே பேஜாரா இருக்கே! இன்னொரு வாட்டி எரிஞ்சா விசிறி பழைய இரும்புக்கு, நீங்க வூட்டுக்கு" என்றார் முதலாளி பாய்.

"எரியாது பாய். சோதிச்சுப் பாத்துட்டுத்தான் இனிமே மேல ஏத்துவேன்."

பேரிங்கை மாற்றி, விசிறியைத் தரையில் வைத்தே ஓட்டினார். என்னையும் அழைத்திருந்தார். முழு வேகத்தில் ஓடும்போது பட்டையைக் கழற்றினார். தண்டு சட்டென்று நின்றுவிட்டது. பேரிங்கைத் திறந்தால் உள்ளே எண்ணெய் பிசின்போல் ஒட்டியது.

எண்ணெய் விடும் கன்னியப்பனைப் பார்த்து, "இன்னாய்யா ஊத்தின?" என்றார்.

"புங்க எண்ணெதான் மேஸ்திரி. தோலையே வழவழன்னு ஆக்குது, இரும்ப ஆக்காதா?"

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், இரும்பையே பதம்போடப் பாத்தியா நீ!"

துடைத்துவிட்டு விளக்கெண்ணெய் விட்டார். நீங்கள் பம்பரம் விட்டிருப்பீர்கள். ஆணி வழவழப்பாக இருந்தால் நெடுநேரம் சுற்றும் அல்லவா? அப்படித்தான், பட்டையைக் கழற்றிய பிறகும் தண்டு நிற்க மனமில்லாமல் சுற்றியது. நாங்கள் கைதட்டினோம். அவர் தட்டவில்லை. மறுபடி ஓட்டி, பேரிங்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். தண்ணீர் துள்ளி வழிந்தது.

"உராய்வு கம்மியாச்சு சார், ஒதறல் போகல. ஒரு றெக்கை கனம் ஜாஸ்தி" என்று அரத்தை எடுத்தார். ராவுவதும் ஓட்டுவதுமாகப் பகல் கழிந்தது. சாயங்காலம் விசிறி முழு வேகத்தில் சுழல, டம்ளர் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது.

முதலாளி பேரிங்கைத் தொட்டார். வைத்த கையை எடுக்கவில்லை. "சபாஷ்! இன்னா வேணும், கேளுங்க!"

"இன்னொரு விசிறி பாய். இது ஒண்ணு பத்தாது!"

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஒருவருக்கும் வேலை நிற்கவில்லை.

நேற்று அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போதும் தூறல். தொழிற்சாலையில் நான்கு விசிறிகளின் எதிரே, கொடிகளில் தோல்கள் படபடத்துக் காய்ந்துகொண்டிருந்தன. போய் வாருங்கள் மேஸ்திரி, ஜெயித்துவிட்டுத்தான் போகிறீர்கள்.