கம்பெனி பஸ்ஸில் அக்காவின் சீட்டு

கம்பெனி பஸ்ஸில் யார் பெயரிலும் சீட்டு எழுதிவைக்கவில்லை. ஆனாலும் ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தால் ஆம்பூர் போய்ச் சேரும்வரை வசவு கேட்க வேண்டும். பழைய ஆட்கள் உட்காருவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாதனூர் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு போவதால், ஷூ கம்பெனி கேட்டை அடைய முக்கால் மணி நேரமாவது ஆகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் ஹைவேயில் பைக்கோடு விழுந்து, தொடை எலும்பு உடைந்து, படுத்த படுக்கையாக இருந்தார். இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதிலேயே போகும். விடிந்தால் சமையல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது, அப்புறம் பஸ். முதல் நாள் நான் நின்றுகொண்டே தூங்கி விழுவதைப் பார்த்து என் கூடப்பிறந்த அக்கா தன் ஜன்னலோர சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். அவளையும் நான் வாழ்க்கைப்பட்ட ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதே கம்பெனியில் பல வருஷமாக வேலை.

"நீ குந்து. நான் நாள் பூரா மெஷின்ல குந்திக் குந்தி முதுகு போச்சு. இங்கயாவது கொஞ்சம் நிக்கறேன்," என்றாள்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். நான் கேட்டேன், நம்பவும் நம்பினேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும் அந்த சீட்டில்தான் என் தூக்கம். யாரும் எழுப்பாத தூக்கம் எனக்கு அது ஒன்றுதான். வளைவு வரும்போது என் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் அக்கா குறுக்கே கையை வைத்துக்கொள்வாளாம். பக்கத்து சீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அக்காவிடம் கேட்டால், "ஆமா, உன் மண்ட இடிச்சு கம்பி வளைஞ்சா யாரு பதில் சொல்றது," என்பாள். அன்பாகப் பேச அவளுக்கு வராது. இன்று என் வீட்டுக்காரர் எழுந்து நடமாடுகிறார். அந்த நாட்களை நான் தாண்டி வந்தது அவளால்தான்.

எனக்குத் தையல் பிரிவில் வேலை. அக்கா அடுத்த கட்டடத்தில். சாப்பாட்டு நேரமும் வேறு வேறு. ஒரு நாள் எங்களுக்குத் தைக்கத் தோல் வந்து சேரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று சூப்பர்வைசர் எங்களில் சிலரை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார். அங்கே ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றபடி, ஷூவில் வழிந்திருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. அவர்கள் நடுவில் அக்கா, ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி மறுகாலின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்பக்கா உன்ன இங்க மாத்துனாங்க?" என்று கேட்டேன்.

அவள் காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டாள். எதிரில் நின்றவள்தான் சொன்னாள்: "உங்க அக்காவா? அவங்க இங்க வந்து மூணு வருஷம் ஆச்சே."

"வேலையப் பாருங்கடி," என்றாள் அக்கா.

அன்று மாலைவரை நானும் நின்றேன். கெண்டைக்கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. இத்தனை மாதம் இந்தக் கால்களோடுதான் அவள் என் பக்கத்தில் நின்று வந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. இனிமேல் அந்த சீட்டில் உட்கார்ந்தால் நான் மனுஷியே இல்லை என்று மனதுக்குள் சபதம் வேறு.

பஸ்ஸில் ஏறியதும், "நீ உக்காருக்கா," என்றேன்.

"வேணாம். நீ குந்து."

இந்த முறை முதுகுவலிக் கதையெல்லாம் சொல்லவில்லை. சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள். இன்னொரு தடவை சொன்னால் உட்கார்ந்துவிடுவாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. உட்கார்ந்தேன். பஸ் ஆம்பூரைத் தாண்டுவதற்குள் தூங்கியும் போனேன்.