நான் விட்டுவிட்ட ஒரு வருடம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் மலாக்காவை ஒட்டிய குருபோங்கில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மலாக்கா டவுனில் அலுவலக வேலை, சனி ஞாயிறுகளில் பொருளாதார முதுகலை வகுப்பு. பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடித்து எழுந்ததும் அதே மேசையில் நான் உட்கார்ந்து வளர்ச்சிக் கோட்பாடு படிப்பேன். அந்தப் படிப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாடு வளர மெஷினும் முதலீடும் மட்டும் போதாது, மக்களின் படிப்பும் வேண்டும் என்பார்கள். பள்ளியில் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவருக்குச் சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அந்தத் தொழிற்சாலையின் தமிழ்த் தொழிலாளர்களிடம் ஃபாரம் கொடுத்து, எத்தனை வருடம் படித்தீர்கள், என்ன சம்பளம் என்று கேட்டேன். பதினொரு வருடம் படித்தவர்களும் பன்னிரண்டு வருடம் படித்தவர்களும் ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்கினார்கள். படிப்பு கூடினாலும் இவர்களுக்குப் பலனில்லை என்று அழுத்தந்திருத்தமாக எழுதினேன். பேராசிரியர் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முடிவை வந்து சொல்வதாகத் தொழிலாளர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு நாள் இருந்தபோது காலை இடைவேளையில் கேன்டீனுக்குப் போய், ஐந்தாறு பேருக்குப் பெருமையாக விளக்கினேன். புலாவ் செபாங்கிலிருந்து தினமும் வேலைக்கு வரும் ஒரு பேக்கிங் பிரிவுப் பெண், மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அக்கா, அந்தக் கூடுதல் வருஷம் ரிமூவ் கிளாஸ்தானே? அதையும் சேர்த்துட்டீங்களா?"

சேர்த்துத்தான் எண்ணியிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் முடித்தும் மலாய் மொழியில் தேறாதவர்கள், ஒரு வருடம் ரிமூவ் கிளாஸில் மலாய் படித்துவிட்டுத்தான், எல்லாப் பாடமும் மலாயில் நடக்கும் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குப் போக வேண்டும்.

"ரெண்டு பேரும் கடைசியில எழுதுனது அதே அஞ்சாம் படிவப் பரீட்சைதான்லா. அப்புறம் சம்பளம் மட்டும் எப்படிக் கூடும்?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

வெட்கக்கேடு என்னவென்றால், நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான். நான் வளர்ந்த சுங்கை ரம்பாயில் என் தோழிகள் எல்லாரும் நேராக முதலாம் படிவம் போக, நான் மட்டும் பின்தங்கினேன். அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. மறைத்து மறைத்துக் கடைசியில் எனக்கே மறந்துவிட்டது. கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நானே நிரப்பிய முதல் ஃபாரத்தில்கூடப் பதினொன்று என்றுதான் எழுதியிருந்தேன்.

காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் ஒப்படைத்தால் பட்டம் கையில், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இதைப் படித்து யாராவது, நம் பிள்ளைகளை மேலே படிக்க வைப்பது வீண் என்று முடிவு கட்டினால்? அங்கிருந்தே பேராசிரியரை அழைத்துச் சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு செமஸ்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒவ்வொருவரிடமும் மறுபடி போய்க் கேட்டு, ரிமூவ் கிளாஸைத் தனியாகப் பிரித்தேன். எந்தப் படிவம் வரை முடித்தார்கள் என்று எண்ணியபோது, படிப்புக்கு ஏற்பச் சம்பளமும் கூடத்தான் செய்தது. எல்லாரும் அறிந்த முடிவுதான், பாராட்டு ஒன்றும் வரவில்லை. பட்டம் வந்தது. நன்றிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு ஒரு பிரதி கொடுத்தேன். "நல்லா தடிப்பா இருக்குக்கா" என்று கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

என் முதல் ஃபாரத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன். சம்பளத்தில் ஒரு காசு கூட்டாத அந்த வருடத்தில்தான், பின்னால் வந்த அத்தனை வருடங்களையும் படிக்க வேண்டிய மொழியை நான் கற்றுக்கொண்டேன்.