சிவப்புத் தாள் கேக்

நத்தார் காலையைச் சமாதானத்தின் காலை என்று வாழ்த்து மட்டைகளில் எழுதுகிறவர்கள் யாரும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எழும்பிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். போன வருடம் எங்கள் வீட்டில் விடிய ஐந்தரைக்கே கலவரம் தொடங்கிவிட்டது. நாலு வயது மகன், குடிலில் கிடந்த பாலன் யேசுவைத் தூக்கித் தனக்குப் பரிசாக வந்த பிளாஸ்டிக் லொறியில் ஏற்றி, வீடு முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தான். ஏனடா என்று கேட்டால், "பாலனுக்கு வைக்கோல் குத்துதாம்" என்றான். அவனுடைய அப்பா, நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்த களைப்பு என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். அதே பூசைக்கு நானும்தான் போய்வந்தேன். ஆனால் பால்சோறு தானாக அடுப்பில் ஏறாதே.

எங்கள் தெருவில் நத்தாரன்று காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் அயல் வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போய்விட வேண்டும். முதல் தட்டு எப்போதும் பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு; முஸ்லிம் வீட்டு அக்காமாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பெருநாள் என்றால் அவர் வீட்டு வட்டிலப்பம் எங்கள் வீட்டு மேசைக்கு வரும். நத்தார் என்றால் என் கேக் அங்கே போகும். கல்யாணமாகி நான் கற்பிட்டிப் பக்கம் வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

பிராந்தி ஊற்றாத கேக் கேக்கே இல்லை என்பது என் கணவர் வீட்டாரின் கட்சி. ஆகவே நான் இரண்டு கேக் செய்வேன். ராத்தா வீட்டுக் கேக்குக்கு முந்திரிகை வத்தலைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைப்பேன். அதற்குச் சட்டி வேறு, கரண்டி வேறு, வெட்டுகிற கத்தியும் வேறு. துண்டு போட்டபின் பிராந்திக் கேக்கைச் சிவப்புத் தாளிலும் மற்றதைப் பச்சைத் தாளிலும் சுற்றி வைப்பேன். ராத்தா வேறு எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் இதில் என்ன போட்டது என்று இரண்டு தரம் கேட்பார். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு நான் ஒரு கையால் பால்சோற்றைக் கிண்டிக்கொண்டு, மறு கையால் மகனுடைய காற்சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஏழு வயது மகளிடம், "பச்சைத் தாள் சுத்தினதைத் தட்டில அடுக்கி ராத்தா வீட்டுல குடுத்துட்டு வா" என்றேன். புதுச் சட்டை போட்ட துள்ளலில் அவள் போனாள், வந்தாள். பிறகு, போர்வைக்குள் கிடந்த மகாராசாவுக்குத் தேத்தண்ணியோடு ஒரு துண்டு கொடுப்போமே என்று கேக் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்ததெல்லாம் பச்சை.

"சிவப்பெல்லாம் எங்க புள்ள?"

"ராத்தா வீட்டுல குடுத்தன். பச்சை வடிவில்லம்மா. அங்க சின்னவளுக்குச் சிவப்புத்தான் விருப்பம்."

அவளை அடிக்கவா முடியும். வடிவானதைத் தன் கூட்டாளிக்குக் கொடுத்திருக்கிறாள். தாளுக்குள் இருக்கிற வித்தியாசத்தை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. பிழை முழுக்க என்னுடையது.

இவர் எழும்பி வந்து தலையைச் சொறிந்தார். "அவங்களுக்குத் தெரியவா போகுது? பேசாம விடு" என்றார்.

"நீங்க போய்ப் படுங்க" என்றேன். அந்த நேரத்தில் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நத்தார் நாளில் சண்டை வந்திருக்கும். பச்சைத் துண்டுகளை ஒரு தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு, நைட்டியோடு, செருப்பும் போடாமல் ஓடினேன்.

ராத்தா தன் இரண்டு மகள்மாரோடு மேசையில் இருந்தார். மூன்று சிவப்புத் தாள்கள் பிரிந்து கிடந்தன. "வா புள்ள, இரு. இந்த முறைதான் உன்ட கேக் திறம்" என்றார், வாயில் தூளோடு.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் நானும் பேசாமல் இருந்துவிடத்தான் பார்த்தேன். அவர் சந்தோசமாகத் தின்றுகொண்டிருந்தார். மிச்சத்தை ஏதாவது சாட்டுச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. ஆனால் அடுத்த நத்தாருக்கும் அவர் கேட்காமல் சாப்பிடுவார், நான் எந்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பேன்?

"ராத்தா, சாப்பிடாதீங்க. மாறிப் போச்சு. அது எங்கட வீட்டுக் கேக். பிராந்தி ஊத்தினது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எழும்பிப் பிள்ளைகள் இரண்டு பேரையும் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரும் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் முற்றத்தில் தட்டோடு நின்று அழுதேன். இனி இந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ராத்தா திரும்பி வந்தார். "தெரியாமத் தின்டதுக்கு அல்லாஹ் பிடிக்க மாட்டான்" என்றார். குரலில் இன்னும் கொஞ்சம் கனம் இருந்தது. "அது என்ன, கையில?"

"பச்சை. இதுதான் உங்கட. இதுல ஒன்டும் இல்ல ராத்தா, சத்தியமா. பாருங்க, நானே முதல்ல தின்டு காட்டுறன்." அவசர அவசரமாக ஒரு துண்டின் தாளை உரித்தேன். உரித்த வேகத்தில் பாதி நிலத்தில் கொட்டியது.

மீதிப் பாதியை ராத்தா என் விரலிலிருந்து பறித்தார். "உன்ட்ட நான் எப்ப கேட்டன், நீ தின்டு காட்டுறதுக்கு?" என்று என்னை ஏசினார். ஏசிவிட்டு, பிஸ்மில்லாஹ் என்று அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.