நாத்தனார் பெட்டி

"பாத்துட்டேன், பாத்துட்டேன். உயிரை வாங்காதே!" என்று பெட்டியை அதட்டியபடியே பிரேக்கை மிதிக்கிறார் நான் தினமும் போகும் பஸ்ஸின் டிரைவரம்மா. ஸ்டியரிங்குக்கு மேலே சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. நடப்பவர் சட்டைப்பையிலுள்ள போனோ, சைக்கிளில் மாட்டிய சிக்னல் வில்லையோ பஸ்ஸை நெருங்கினால் பெட்டிக்குச் சேதி வந்துவிடும். கீச்சென்று கத்தும்; திரையில் மஞ்சள் புள்ளி மினுங்கும்.

அதற்கு அவர் வைத்த பெயர் நாத்தனார். "ஒழுங்கா ஓட்டினா வாயே திறக்காது. குத்தம்னா மட்டும் பஸ்ஸுக்கே கேக்கும்." ஆள் குள்ளம் என்பதால் முதுகுக்கு ஒரு தலையணை. குறுக்கே வருகிறவர்களுக்கு, "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று வஞ்சனையில்லாமல் ஒரு டோஸ். அதில் வயது வித்தியாசமெல்லாம் கிடையாது!

அவர் வீட்டுக்காரர் தச்சர். அதே சாலையில்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். வில்லை மாட்டச் சொல்லி இவர் கெஞ்சாத நாளில்லை. போனும் வைத்துக்கொள்ளாத மனிதர் மசியவில்லை. "கட்டின பொண்டாட்டி கண்ணுக்குத் தெரிய எனக்கு மிஷின் வேணுமா?"

போன மழையில் ஒரு காலை, மூலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. பெட்டி கத்தவில்லை, திரையிலும் புள்ளி இல்லை. அந்தத் தைரியத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே ஒடித்துவிட்டார். பஸ்ஸின் தகரத்தில் யாரோ படபடவென்று அறைந்தார்கள். இறங்கி ஓடினால், நெளிந்த சக்கரத்தோடு ஓரமாய்க் கிடக்கிறார் வீட்டுக்காரர். முழங்கையில் சிராய்ப்பு, நல்லவேளையாக அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் திட்டவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாராம்: "அது கத்தலேன்னா நான் இல்லாதவனா?"

மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் சீட்டுக்கடியில் வில்லையை மாட்டிக்கொண்டுவிட்டார் மனிதர். இனி நிம்மதிதானே என்றேன். "கத்தினா பயமில்லைங்க. சும்மா இருந்தாத்தான் பயம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அதே மூலை வந்தது. பெட்டியில் மூச்சுப் பேச்சில்லை. "ரோடு காலிம்மா, எடுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டிரைவரம்மா ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எழுந்தார். இடப்பக்கக் கதவுக்கு வந்து தலையை வெளியே நீட்டினார். பெட்டிக்குத் தெரியாத ஒரு பெரியவர், பஸ்ஸின் மேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவா போட்டுக்கங்கய்யா" என்று சொல்லி, கதவுக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.