கேசட் திருப்பும் நேரம்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் மேல்வீட்டு டிவி இன்று மதியமும் அலறத் தொடங்கியது. கேட்பதற்காக யாரும் இவ்வளவு சத்தம் வைப்பதில்லை. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

சின்ன வயதில், பூந்தமல்லி வீட்டில், மனசு சரியில்லாத அத்தை கத்த ஆரம்பித்தால் அப்பா அவளை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "பாட்டக் கூட்டி வெய்யி, வெளிய கேக்குது" என்பார். அம்மா அம்மன் பாட்டு கேசட்டைப் போடுவாள். டேப்ரெக்கார்டர் சூடேறி பிளாஸ்டிக் வாடை வீசும். கேசட்டைத் திருப்பிப் போடும் நேரத்தில் மட்டும் அத்தையின் குரல் தெருவரை போகும்: "கதவத் தொறண்ணா, நான் ஒண்ணியும் பண்ணமாட்டேன்." தெருவில் எங்களுக்குப் பக்தியான குடும்பம் என்று பெயர்.

ஒருநாள் அப்பா பூட்ட மறந்தார். வெளியே போன அத்தை திரும்பவேயில்லை. கொஞ்ச நாளில் எதிர்வீட்டுப் பெண் அம்மாவிடம் கேட்டாள். "இன்னாக்கா, பாட்டே காணோம்? பொட்டி ரிப்பேரா?"

"ஆமா" என்றாள் அம்மா.

அத்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மாடியேறி மணியை அழுத்தினேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்த பெண், "சாரி சார், சத்தத்தக் கொறச்சிடறேன்" என்றாள்.

"அதுக்கு வரலம்மா. உள்ள யாருக்கு முடியல?"

அவள் கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு உள்ளே போய் டிவியை நிறுத்தினாள்.