முட்டத்துப் பாறையைச் சுற்றி ஒரு திட்டம்

எங்கள் வீட்டில் சுற்றுலா என்றால் வேளாங்கண்ணிதான். சொந்தக்காரர்களோடு வேனில் போய், மெழுகுவர்த்தி கொளுத்தி, மொட்டையடித்தவர்களின் தலையில் சந்தனம் காய்வதற்குள் திரும்பிவிடுவோம். அதனால், நம்முடைய கடற்கரையிலேயே இரண்டு நாள் சுற்றுலா போடப்போகிறேன் என்று மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சொன்னபோது அம்மா கரண்டியோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்க பாக்க என்ன இருக்கு மக்ளே? பாறையும் கடல் வெள்ளமும்."

"அதப் பாக்கத்தாம்மா வாறாளுவ."

வருகிறவர்கள் திருவனந்தபுரத்தில் என்னோடு ஒரே மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு தோழிகள். ஒருத்திக்கு ஈரோடு, இன்னொருத்திக்கு ஓசூர். குடை நட்டு, நாற்காலி போட்ட கடலைத்தான் இருவரும் பார்த்திருக்கிறார்கள். நடக்க வேண்டும், பாறை ஏற வேண்டும், கொஞ்சம் பயப்படவும் வேண்டும், அப்படி ஒரு கடலைக் காட்டு என்றார்கள். முட்டத்துக்குப் பக்கத்தில் என் ஊருக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் எழுத்து அறியாதவர்கள். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு அப்பாவின் மீன்பிடி வள்ளத்துக்குப் போனவன். நான் பார்த்தேயிராத நாட்டுக்காரர்களின் வேலைகளை மாதக்கணக்கில் பிரித்துத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். பிறந்த கரைக்கு இரண்டு நாள் திட்டம் போடுவதா பெரிய காரியம் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

திட்டத்தை வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை விடியும்போது தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து நடை. குளச்சல் தாண்டி, வள்ளியாற்றை இடுப்பளவு நனைந்து கடந்து, சாயங்காலம் முட்டத்துக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகள். அங்கேயே கூடாரம்.

"குளச்சல் வரைக்கும் நடப்பாளுவ. பொறவு பஸ்ஸு புடிப்பாளுவ" என்றான் அண்ணன்.

அம்மாவுக்குக் கூடாரம்தான் பொறுக்கவில்லை. "குளச்சல்ல ஒன் சித்தி இருக்கா. அவ வீட்டு வாசல் வழியா நடந்து போய்ட்டு, வீடு வாசல் இல்லாதவ மாதிரி பாறையில போயா படுப்ப? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவ மொகத்துல நான் எப்படி முழிக்க?"

கூடாரத்தை அழித்துவிட்டு, இரவு எங்கள் வீட்டில் என்று போட்டேன். வேறு வழியில்லை. இந்தக் கரை முழுக்கச் சொந்தக்காரர்கள். எங்கு கூடாரம் அடித்தாலும் யாராவது ஒரு சித்திக்கு அவமானம்.

அடுத்த வரியைத்தான் மெதுவாக வாசித்தேன். ஞாயிறு காலை, அப்பாவின் வள்ளத்தில் ஏறி முட்டத்துப் பாறைகளைக் கடல் பக்கமாகச் சுற்றி வருவது.

உண்மையில் முழுத் திட்டமும் அந்த ஒரு வரிக்காகத்தான். எங்கள் கரையில் பெண்கள் வள்ளம் ஏறுவதில்லை. கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏறுவதில்லை, அவ்வளவுதான். அப்பாவின் வள்ளம் சின்னதாகி அந்தப் பாறைக்குப் பின்னால் மறைவதை எத்தனையோ முறை கரையில் நின்று பார்த்திருக்கிறேன். பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோழிகளைச் சாக்காக வைத்து அதைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அண்ணன் சிரிக்கத் தொடங்கினான். "ஏட்டி, ஞாயித்துக்கெழம எவன் வள்ளம் எறக்குவான்?"

எனக்குக் காது சுட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் ஒரு வள்ளமும் தண்ணீரைத் தொடாது. கோயிலில் பூசை, பிறகு வள்ளங்களின் நிழலில் சீட்டாட்டம், தூக்கம். எழுத்து படிப்பதற்கு முன்பே எனக்கு இது தெரியும். சில வருடங்களாக ஞாயிறு என்றால் என் விடுமுறை என்று மட்டுமே நினைத்துப் பழகிவிட்டேன். வள்ளம் சும்மா கிடக்கும் என்று சரியாக நினைத்தவள், ஏன் சும்மா கிடக்கிறது என்பதை மறந்துவிட்டேன்.

"படிச்ச புள்ளைக்குக் கடலோட லீவு மறந்து போச்சு கேட்டீரா" என்று அம்மாவும் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒரு காரியத்துக்கு ஒரு பதில்தான் சொல்வார். மாட்டேன் என்றுவிட்டால் மறுபடி கேட்க முடியாது. ஆனாலும் கேட்டேன்.

"அப்போ சனிக்கெழம காலைல போவலாமாப்பா? நீங்க தொழிலுக்குப் போய்ட்டு வந்த பொறவு. நடைய ஞாயித்துக்கெழமைக்கு மாத்திக்கிடுதேன்."

அவர் சாயாவை முழுக்கக் குடித்து முடித்தார். "பாறைக்கிட்ட அல திரும்பி அடிக்கும். மூணு பொண்ணுவளும் ஒருசேர எழும்பி நின்னு போட்டோ எடுத்தா வள்ளம் என்னத்துக்கு ஆவும்?"

"எழும்ப மாட்டோம்."

"அத நான் எப்படி அறிய?" பிறகு அவரே சொன்னார்: "இந்த சனிக்கெழம நீ மட்டும் வா. நீ இருக்கத பாத்துட்டு, அவளுவ காரியத்த சொல்லுதேன்."

"நானும் வாறேன்" என்றாள் அம்மா.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். "நீ என்னத்துக்கு?" என்றார் அப்பா.

"கல்யாணம் கழிஞ்ச நாள்லேருந்து ஒம்ம மீனத்தான் தலையில வச்சு ஊரூரா விக்கேன். அது எங்க கெடக்குதுண்ணு பாக்காண்டாமா?"

அப்பா காலிக் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

அந்தச் சனிக்கிழமை, மீன் ஏலத்துக்குப் போனதும் அண்ணன் வள்ளத்தைக் கழுவினான். தை மாதம். கரைக்காற்று அடித்துக் கடல் தகடுபோலக் கிடந்தது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். ஏலம் எடுக்க வந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். "எக்கா, கெட்டியவன நம்பாமலா கூடப் போற?" என்று ஒருத்தி கத்தினாள். "அவர நம்பலாம். மீனத்தான் நம்ப முடியல்ல" என்றாள் அம்மா.

அப்பா வள்ளத்தை முட்டம் துறைமுகச் சுவரைத் தாண்டிப் பாறைக்கு அந்தப் பக்கம் திருப்பினார்.

கரையில் இருந்து பார்க்கும்போது அது நாங்கள் உட்கார்ந்து நிலக்கடலை வாங்கித் தின்னும் பாறை. இங்கிருந்து பார்த்தால் அது கடலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கிறது. நாங்கள் பார்த்தது எல்லாம் அதன் தலையைத்தான். அடிப்பாகம் கறுப்பாக, சிப்பி அப்பி, ஒவ்வொரு அலைக்கும் தண்ணீரைக் குடித்துத் துப்பியது. அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் வள்ளத்தின் பலகை வழியாகத் தொடைக்கு வந்தது. மேலே செம்மண் மேடு, வெயில் பட்டுப் புதிதாக அரைத்த மசாலா நிறத்தில் இருந்தது. அதற்கும் மேலே கலங்கரை விளக்கம் ஒரு சுண்ணாம்புக் கட்டி அளவுக்கு நின்றது. திரும்பி வந்த அலை எங்களைத் தூக்கி இறக்கியது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். படம் எடுக்கத்தான் கைப்பேசியைக் கொண்டுபோயிருந்தேன். அது என் மடியில் கிடந்ததே நினைவில் இல்லை.

அப்பா வள்ளத்தை ஆழத்துக்கு விட்டு, இயந்திரத்தை நிறுத்தினார்.

அப்போதுதான் மலையைப் பார்த்தேன். ஊருக்குள் தென்னை மறைக்கும். அங்கங்கே ஒரு துண்டுதான் தெரியும். இங்கே தென்னை புல்லைப்போலத் தாழ்ந்து போக, அதற்குப் பின்னால் மலை வரிசை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுந்து நின்றது. நீலத்துக்குப் பின்னால் நீலம். அதன் காலடியில், கரை நெடுக, ஊருக்கு ஒன்றாகத் தேவாலயங்களின் வெள்ளைக் கோபுரங்கள். நான் எவ்வளவு சின்ன இடத்திலிருந்து, எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"எம்மாடி, கரை முழுக்கக் கோயிலாட்டுல்லா இருக்கு" என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம், "தினமும் இதப் பாத்துட்டு வந்து ஒரு வார்த்த சொல்லல்லியே நீரு" என்றாள்.

"இத என்னத்தச் சொல்ல" என்றார் அப்பா.

நம் ஊர்க் கோபுரம் எது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு அப்படியே எழும்பி நின்றுவிட்டாள். வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இரி" என்று அப்பாவும் அண்ணனும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். எல்லாம் முடிந்தது, இனித் தோழிகளாவது வள்ளமாவது என்று நினைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். மறுபடி விளிம்பைப் பிடித்துக்கொண்ட என் கைகளைப் பார்த்தார்.

"ஒன் கூட்டுக்காரிகள அடுத்த சனிக்கெழம காலத்தே வரச் சொல்லு" என்றார். "ஒங்கம்மையத்தான் கெட்டிப்போட்டுக் கூட்டிட்டு வரணும்."

அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.