நாட்காட்டி தெரிய ஒரு சிரிப்பு

கஜந்தினி முதலில் சுவர் நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிக்கிறாள். பிறகு கைபேசியைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்து, தன் தலைக்குப் பின்னால் திகதி தெளிவாக விழுகிறதா என்று பார்க்கிறாள். தாலிக்கொடியைச் சட்டைக்கு வெளியே எடுத்து விடுகிறாள். அதன் பிறகுதான் கணவனுக்கு வீடியோ அழைப்பு. கீர்த்திகனின் முகம் வந்ததும் ஒரு சிரிப்பு. அது கலைவதற்குள் திரையைப் படம் பிடித்துவிடுகிறாள்.

"இண்டையான் சாட்சி முடிஞ்சுது. இனிக் கதைப்பம்."

சண்டிலிப்பாயில், வீட்டின் முன்னறையில் சட்டை தைக்கிறவள். முப்பதைத் தாண்டிவிட்டாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தெளிவாகக் கதைக்கக்கூடியவள். கோபம் வந்தால் பேசமாட்டாள். பிழையாய்ப்போன தையல் ஒன்றைத் தேடி எடுத்துப் பிரிப்பாள். விடுமுறைக்கு வந்து இரண்டு நாளில் சட்டை வேண்டும் என்று நிற்கும் வெளிநாட்டுப் பெண்களிடம் அளவு எடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பாள்: "அக்கா, உங்கடை கலியாணப் படத்திலை ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சோ நிண்டனீங்கள்?" அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை.

தன்னைப் பற்றி எழுதச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டாள். "என்ரை பேரைப் போடுங்கோ அண்ணை. நாட்டின்ரை பேரை மட்டும் போடாதேங்கோ. அப்பீல் கிடக்கு."

எங்கள் ஊர்களில் எழுத்து வேறு, கலியாணம் வேறு. எழுத்து என்பது பதிவாளருக்கு முன்னால் ஒப்பமிடுவது. கலியாணம் என்பது தாலி கட்டுவது. புத்தூர்ப் பெடியனான கீர்த்திகன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது எழுத்து முடிந்தது. அதே விடுமுறையில் தாலியும் ஏறியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குச் சனி சரியில்லை, இந்த வருடம் தாலி கட்டினால் கண்டம் என்று சோதிடர் சொல்லிவிட்டார். இரண்டு குடும்பமும் தலையாட்டின. எழுதிய அன்றைக்கே மாப்பிள்ளை புத்தூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டான்.

மிச்ச விடுமுறையில் அவன் மோட்டார் சைக்கிளில் வருவான், விறாந்தையில் இருப்பான். கஜந்தினியின் தாய் பத்மாவதி வாசற்படியை விட்டு அசையமாட்டார். "சட்டப்படி என்ரை புருசன்," என்கிறாள் கஜந்தினி. "தேத்தண்ணியைக் கையிலை குடுக்க விடேல்லை. மேசையிலை வை எண்டினம்."

அடுத்த வருடம் சனி வழிவிட்டதாம். கீர்த்திகன் மறுபடி வந்து தாலி கட்டினான். சில கிழமைகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவன் திரும்பிப் போய் மனைவியைக் கூப்பிட விசாவுக்கு விண்ணப்பித்தான். கொழும்பில் நேர்முகம். திருமணப் பதிவில் இருந்த திகதியைக் காட்டி, அன்றிரவு எங்கே தங்கினாய் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் என்றாள். கணவன்? அவர்களுடைய வீட்டில். ஏன்?

"அப்ப எங்களுக்குக் கலியாணம் நடக்கேல்லை."

ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் சொல்லக்கூடிய பதில்தான். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுக்குச் சொல் சரியாகவே சொன்னார். சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது: இந்தத் திருமணம் உண்மையானதல்ல, குடியேறுவதற்காகச் செய்யப்பட்டது, பதிவு செய்த பிறகும் திருமணம் நடக்கவில்லை என்று விண்ணப்பதாரியே கூறியிருக்கிறார், திருமணப் படங்களிலும் மணமக்களிடையே நெருக்கம் காணப்படவில்லை.

"குனிஞ்சு நில் பிள்ளை எண்டது பெரியம்மா. பல்லைக் காட்டாதை எண்டது அம்மா. நெருக்கம் இல்லை எண்டது வெள்ளைக்காரன்."

முதல் வருடம் அவள் அரசாங்கத்துக்கு மனைவி, ஊருக்கு இல்லை. இப்போது ஊருக்கு மனைவி, இன்னோர் அரசாங்கத்துக்கு இல்லை. சோதிடர் சாதகக் கட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார், அதிகாரி கோப்பைப் பார்த்துச் சொன்னார். கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்ததை அந்த இருவருமே கண்டதில்லை. அதிகாரியின் தீர்ப்புக்காவது மேல்முறையீடு உண்டு. சோதிடரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கேட்க இரண்டு வீட்டிலும் ஒருவரும் இருக்கவில்லை. விசா எப்போது கிடைக்கும் என்று கேட்கப் பத்மாவதி போனதும் அதே சோதிடரிடம்தான். அவரும் கூசாமல் ஒரு மாதத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மாதம் வந்தது, போனது. அந்த நாட்டுக்காரர் ஒருவர் கசூரினாக் கடற்கரையில் வெயில் காய வந்தால், பக்கத்தில் நிற்பவள் மனைவிதானா, முதல் இரவு எங்கே படுத்தீர்கள் என்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யாரும் கேட்பதில்லை.

இப்போது அவர்களுக்குச் சண்டை பிடிக்கவும் ஒழுங்கு உண்டு. சண்டை என்றால் குரல் அழைப்பில் மட்டும். அன்பு என்றால் குறுஞ்செய்தியில். செய்திகளை அச்செடுத்து அனுப்ப வேண்டும் அல்லவா? "செல்லம், சாப்பிட்டீங்களோ எண்டு எழுதேக்கை, அந்த ஒப்பீசரையும் சேர்த்துத்தான் கேக்கிற மாதிரிக் கிடக்கும்," என்கிறாள். போன வருடம் கீர்த்திகன் வந்து நின்ற நாட்களெல்லாம் கீரிமலை, கசூரினா என்று அலைந்தே கழிந்தன. போகிற இடமெல்லாம் முன்பின் தெரியாத யாரையாவது மறித்து, கட்டிப்பிடித்து நிற்கப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். "ஆரோ ஒருத்தருக்கு முன்னாலை நிண்டே லீவு முடிஞ்சுது."

இன்னும் போகவில்லையா என்று கேட்கும் ஊராருக்கு அவள் வைத்திருக்கும் பதில்: "நீங்களும் ஒருக்கா இன்ரவியூ வைக்கப்போறியளோ?"

கடைசியாக, மேல்முறையீட்டை நடத்தும் சட்டத்தரணி இரண்டு யோசனைகள் சொல்லி அனுப்பினார். அனுப்பிய படங்களெல்லாம் நாடகம் போல இருக்கின்றன, இயல்பான படம் வேண்டும் என்பது ஒன்று. ஒரு குழந்தை இருந்தால் வழக்குப் பலம் என்பது மற்றது. அதை என்னிடம் சொல்லிவிட்டு, கஜந்தினி கைக்கு எட்டிய முதல் சட்டையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

"பிள்ளையையும் ஒரு இலக்கம் போட்டு, பின்னிணைப்பிலை வைக்கட்டாம்."

போன கிழமை, தைக்கக் கொடுத்ததை எடுக்கப் போனேன். பின்னேரம். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. இரவு வேலை முடித்து வந்த கீர்த்திகன் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சரிந்திருந்தான். ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவன், பாதியிலேயே உறங்கிப்போனான். வாய் திறந்திருந்தது. தலையணையில் ஒரு கன்னம் நசுங்கியிருந்தது. திரையின் மூலையில் கஜந்தினியின் முகம், அவளுக்குப் பின்னால் அன்றைய திகதி. சட்டத்தரணி கேட்ட இயல்பான படம் அதுதான்.

அவள் விரல் கைபேசியின் பொத்தான் வரை போயிற்று. அங்கே சற்று நின்றது. பிறகு விரலை எடுத்துக்கொண்டாள். மெஷினின் மிதியிலிருந்து காலையும் எடுத்துக் கீழே வைத்தாள். சத்தம் அவனுக்குக் கேட்காதபடி, சில்லைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலாகத் தைக்கத் தொடங்கினாள்.